மறுமொழி: ‘சக்கரக்குழி இடைவெளி’ சரியா?

> பிக்கப் வண்டியைத் தூக்காமல், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி உடலை உயர்த்தாமல், பெரிய டயர் மாட்டுவது பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீல்வெல் கிளியரன்ஸ் (டயருக்கும் அதன்மேல் கவிழ்ந்த மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடம்) என்பதற்குச் ‘சக்கரக்குழி இடைவெளி’ என்று போட்டிருக்கிறேன். பெரியவர்கள் கருத்துச் சொல்லவும்.

தம்பி, வணக்கம்.

குழி வேண்டாம். போடியில் எந்த டிரைவரிடமாவது ‘சக்கரம் குழியில்’ என்று சொல்லிப் பாருங்கள், ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். டயருக்கு மேல் கவிழ்ந்திருப்பது கூடு. சக்கரக்கூடு என்றால் போதும்.

எனக்கு இடிப்பது ‘இடைவெளி’தான். சொல் ஒன்று, அங்கே இருக்கும் சங்கதி இரண்டு. இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பிக்கப்பில் கம்பெனி டயர் 215/75 ஆர்15. போன வருஷம் ஆசைப்பட்டு 235/75 மாட்டினேன். கணக்கு எளிதுதான்: 215 மி.மீ. அகலத்தில் 75 விழுக்காடு 161.25 மி.மீ., அது பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381. ஆக விட்டம் 703.5 மி.மீ. இதே கணக்கில் 235க்கு 733.5 வரும். கூடின 30இல் பாதி வண்டியை உயர்த்தும், மீதிப் பாதி கூட்டுக்குள் ஏறும். அகலத்தில் 20 மி.மீ. கூடுதல், ரிம் மாறாவிட்டால் உள்ளே பத்து, வெளியே பத்து. வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தபோது மட்கார்டுக்குள் கை தாராளமாகப் போய் வந்தது.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி. வெறும் வண்டியாக ஏறினபோது சத்தமே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பூப்பாறையில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். இடது முன்சக்கரத்தில் ‘சர்ர்’ரென்று ஒரு இழுப்பு. இறங்கிப் பார்த்தால் கூட்டின் பின்மூலைப் பிளாஸ்டிக் தகடு கிழிந்து நாக்கு மாதிரித் தொங்குகிறது.

பட்டறையில் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “நிறுத்திப் பாத்தே சரி, ஒடிச்சுப் பாத்தியா? அமுக்கிப் பாத்தியா?” பிறகு பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டா மாவு வாங்கிவரச் சொன்னார். கூட்டுக்குள் நாலைந்து இடத்தில் உருண்டை பிடித்து அப்பினார். பின்னால் மூட்டையை ஏற்றி, ஒரு முன்சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்க வைத்தார். மேல் உருண்டை சப்பையாகி நெல்லிக்காய்க் கனத்துக்கு நின்றது. பின்மூலை உருண்டையை டயர் வழித்துக்கொண்டே போய்விட்டது. கடைசியில் 225/75 மாட்டினோம் (718.5 மி.மீ.). உரசல் இல்லை.

அந்தப் பெரியவர் கேள்வியிலேயே சொல் இருக்கிறது.

ஒடிப்பிடம்: ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது டயருக்கு மிஞ்சும் இடம்.
அமுக்கிடம்: பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கியபோது டயருக்கு மேல் மிஞ்சும் இடம்.

‘ஒடி’ மலைக்கு இரண்டு பக்கமும் செல்லும். பூப்பாறை மலையாளி டிரைவரும் வண்டியை ஒடிக்கத்தான் செய்கிறார். ‘திருப்பிடம்’ என்று யாராவது சொல்வீர்கள். பாதி திருப்பினாலும் ‘திருப்புவது’ என்று சொல்லலாம், ஒடிப்பதில் ஒரு முழுமை இருக்கிறது.

வண்டியைத் தூக்குவதற்கு ‘உயர்த்தம்’ என்று அகராதி பார்த்து எழுதவேண்டாம். ‘தூக்கல்’ வழக்கில் இருக்கிறது: உப்பு தூக்கல், வண்டி தூக்கல். ஆக உங்கள் தலைப்பு, ‘தூக்கல் இல்லாமல் பெரிய டயர்’.

ஸ்பீடோமீட்டரையும் ஒரு வரி எழுதுங்கள். 235 டயரில் முள் 60 காட்டும்போது உண்மையில் 62.5க்கு மேல் ஓடுகிறோம். மேட்டில் கியர் கனக்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் விடாதீர்கள். அதைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே கேரள வழக்கு ஒன்றில்தான். எல்லை தாண்டுகிறவர்களுக்கு அது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை.

—

அண்ணை, நாங்கள் சக்கரத்தைச் சில்லு எண்டுதான் சொல்லுறது. சில்லுக்கூடு எண்டு வைச்சால் சின்னதாயும் இருக்கும். ஒடிப்பிடம்தான் எங்கட காதுக்குக் கொப்பு முறிக்கிற மாதிரிக் கிடக்கு.

—

சில்லுக்கூடு அழகு, தம்பி. இங்கே சில்லு என்றால் உடைந்த ஓடு, தேங்காய்ச் சில்லு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம். ஒடிப்பிடத்தை மட்டும் விடமாட்டேன்.

—

ஐயா, சித்தூரிலிருந்து, பாலக்காட்டுச் சித்தூர். ஒரு சந்தேகம். பின்சக்கரத்துக்கு ஒடிப்பிடம் எத்தனை என்று எழுதுவது?

—

எழுதவே வேண்டாம், பின்சக்கரம் ஒடியாதே. அங்கே அமுக்கிடம் மட்டும்தான், அதுவும் மூட்டை ஏற்றிவிட்டு அளந்தது. ஒற்றை ‘இடைவெளி’யை வைத்திருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.