கிரேடு தேர்வில் மார்க் குறைந்த பிறகு மறுபடி வாத்தியத்தைத் தொட்டது எப்படி? வயது வந்து கற்றவர்களின் அனுபவங்கள்

பெரம்பூர் பியானோ:

ரிசல்ட் வந்துவிட்டது. ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) பியானோ, ஐந்தாம் கிரேடு, 150க்கு 97. பாஸுக்கு 100 வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பீஸ் மூன்றுக்கும் 22, 21, 19. ஸ்கேல் (ஸ்வர வரிசை) 14, சைட் ரீடிங் (முன்பு பார்க்காத தாளைப் பார்த்து வாசிப்பது) 11, ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது) 10.

மூன்று மார்க்கில் போனதுகூட ஆறிவிடும். ஆரலில் நடந்ததுதான் ஆறவில்லை. தேர்வாளர் ஒரு மெட்டை இரண்டு தடவை வாசித்தார், நான் திருப்பிப் பாட வேண்டும். முதல் இரண்டு ஸ்வரம் சரியாகவே வந்தது. மூன்றாவதில் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் ஒன்றும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல முகத்தோடு காத்திருந்தார். அந்த முகம் மாறாமல் அவர் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அதுதான் ராத்திரி படுத்தால் வந்து நிற்கிறது. அடுத்தது சைட் ரீடிங். அதுவும் போயிற்று.

இப்போது தேர்வில் 22 வாங்கிய பீஸே வீட்டில் வரமாட்டேன் என்கிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு யாருக்கும் கேட்காமல்தான் வாசிக்கிறேன். அப்படியும் முதல் வரியிலேயே கை தப்பை எதிர்பார்க்கிறது. ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம் வாசித்தால்தான் அந்த நாளே எனக்கு முடியும். அது இப்போது இல்லை. இதிலிருந்து மீண்டவர்கள் எப்படி மீண்டீர்கள்?

மாலை வயலின்:

நான் டிரினிட்டி, அது இன்னொரு தேர்வு வாரியம். வயலின் நான்காம் கிரேடு. 100க்கு 61. அங்கே 60 பாஸ், 75 மெரிட். மெரிட் வரும் என்று என் டீச்சரே சொல்லியிருந்தார்.

இரண்டாவது பீஸில் ஒரு நீண்ட ஸ்வரம், வில்லை மெதுவாக இழுக்க வேண்டிய இடம். வலது கை நடுங்கி, வில் தந்தியின் மேல் குதிக்க ஆரம்பித்தது. வயலின்காரர்களுக்குத் தெரியும், அதை மறைக்க வழியே கிடையாது. கூட பியானோ வாசித்தவர் திரும்பி ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

"பாஸ் ஆகிவிட்டீர்களே, அப்புறம் என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஃபெயில் ஆனவரிடம் யாராவது வந்து உட்கார்ந்து பேசுவார்கள். 61 வாங்கியவளிடம் ஸ்வீட் கேட்டார்கள். அதனால், பெரம்பூர் சார், மார்க் எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொல்வேன்.

என்னை மீட்டது எங்கள் சர்ச் பாடகர் குழு. கோயம்புத்தூரில் டிசம்பர் வந்தால் வீடு வீடாகக் கீத பவனி போவோம். இரண்டாவது வயலின் வாசிக்க ஆள் இல்லை என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது வயலினை யாரும் தனியாகக் கேட்பதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு வெறிச்சென்று இருக்கும். குளிரில், அரை வெளிச்சத்தில், பாடுகிறவர்களுக்கு நடுவில் நின்று வாசித்தேன். வில் குதிக்கவில்லை. என் கையைப் பற்றி நினைக்க எனக்கு நேரமே இருக்கவில்லை, ஆல்டோ பாடும் பெண்களோடு சேர்ந்து போக வேண்டியிருந்தது. மறுநாளும் போனேன். ஜனவரியில் வகுப்புக்குத் திரும்பியபோது நடுக்கம் முழுவதும் போகவில்லை, ஆனால் நடுங்கினாலும் வாசிக்க முடிந்தது.

இரவு கிடார்:

எனக்கு ஒரு கேள்வி. வேலை, வீடு, கடன் எல்லாம் உள்ள மனிதர்கள் எதற்காக இந்தத் தேர்வை எழுத வேண்டும்? நானும் மூன்றாம் கிரேடு கொடுத்தேன். தேர்வு அறைக்கு வெளியே கொடுத்த தாளில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. அதில் நானே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். அப்போதே எழுந்து போயிருப்பேன், கட்டணம் கட்டியாயிற்று என்றுதான் உட்கார்ந்தேன். பாஸ்தான். ஆனாலும் அதற்குப் பிறகு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். சனிக்கிழமை நண்பர்களோடு வாசிக்கிறேன், போதும். விட்டுவிடுங்கள் சார். பியானோவை அல்ல, தேர்வை.

தஞ்சை வீணை:

கிடார் தம்பி சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குச் சான்றிதழ் தேவையாக இருந்தது. இசை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் முடிக்க நினைத்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அதற்காகத்தான் வீணையைத் தூசி தட்டி எடுத்தேன்.

ஹையர் செய்முறையில் பைரவி ராகத்தில் அட தாள வர்ணம் என்ற உருப்படியை வாசித்தேன். நன்றாகத்தான் வந்தது. திடீரென்று, "வீணையை வைத்துவிட்டு, அதே வர்ணத்தைத் தாளம் போட்டுப் பாடிக் காட்டுங்கள்" என்றார்கள். வீணைக்காரர்களுக்கு இது என்ன சங்கடம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தாளம் பக்கத் தந்தியில், சுண்டு விரலில் இருக்கிறது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது தொடையில் தட்டிப் பழக்கம் எங்கே வரும்? அட தாளம் ஒரு சுற்றுக்குப் பதினான்கு அட்சரம், அதாவது பதினான்கு எண்ணிக்கை. ஐந்து, ஐந்து, அப்புறம் இரண்டு, இரண்டு. இரண்டாவது லகுவில், அதாவது இரண்டாவது ஐந்தில், விரல் எண்ணிக்கொண்டிருக்கும்போதே சாகித்யம் (பாட்டின் சொல்) முன்னால் போய்விட்டது. கை தொடையின் மேல் அப்படியே நின்றது. மூன்று பேர் என் கையையே பார்த்தார்கள்.

வாய்ப்பாட்டு தெரிந்தவள் என்று ஊரில் பேர். என் கையா தாளம் தவறியது என்று பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. வீணையின் உறையைக் கழற்றவே இல்லை.

பக்கத்து வீட்டுச் சிறுமி, முதல் பாடமான சரளி வரிசை கேட்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரே வரிசையை மூன்று காலத்தில் (வேகத்தில்) அவளோடு சேர்ந்து தாளம் போட்டேன். மூன்றாம் காலத்தில் அவள் ஓடிவிடுவாள், நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். அவளைப் பிடித்து நிறுத்துகிற கைக்கு என்ன பயம்? கொஞ்ச நாளில் அலங்காரம் என்ற தாளப் பயிற்சிக்கு வந்தோம். ஏழு தாளமும் அதில் இருக்கிறதே. துருவ தாளத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போய், அட தாளத்துக்கு நானும் அவளும் ஒன்றாக வந்து சேர்ந்தோம். என் பயம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அடுத்த தேர்வில் ஹையர் தேறினேன்.

கட்டை டீச்சர்:

பியானோ சொல்லிக்கொடுக்கிறேன், சென்னைதான். வயது வந்த மாணவர்கள் நிறையப் பேர் என்னிடம் உண்டு. எனக்கும் எட்டாம் கிரேடில் ஒரு தடவை இப்படி ஆயிற்று, அழுதேன், பிறகு சரியாயிற்று. அதை விடுங்கள்.

பெரம்பூர் சார், உங்கள் மார்க் ஷீட்டை இப்படிப் படியுங்கள். பீஸ் ஒவ்வொன்றும் 30க்கு, பாஸ் 20. ஸ்கேலும் சைட் ரீடிங்கும் 21க்கு, பாஸ் 14. ஆரல் 18க்கு, பாஸ் 12. தேர்வாளர் பூஜ்ஜியத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவதில்லை. அந்தப் பாஸ் மார்க்கில் ஆரம்பித்து ஏற்றுவார் அல்லது இறக்குவார். பீஸுக்கு வேண்டியது 60, நீங்கள் வாங்கியது 62. ஸ்கேல் சரியாகப் பாஸ். போனது சைட் ரீடிங்கில் மூன்றும் ஆரலில் இரண்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகிய பீஸ்களை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். வீட்டில் அதே பீஸ்களைச் சந்தேகப்படுவதற்கு அந்தத் தாளில் ஆதாரமே இல்லை.

அப்புறம், அந்த முதல் ஆரல் கேள்விக்குப் பாடியே ஆக வேண்டும் என்பதில்லை. நான்காம், ஐந்தாம் கிரேடில் மெட்டைப் பியானோவில் வாசித்தும் காட்டலாம், முன்கூட்டியே சொன்னால் ஆரம்ப ஸ்வரத்தின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். அதற்கடுத்த கேள்விக்கு மட்டும் பார்த்துப் பாடத்தான் வேண்டும், ஐந்தாம் கிரேடில் ஆறு ஸ்வரம். பகுதிகளின் வரிசையும் நம் விருப்பம். தொண்டை பயப்படுகிறவர்களை ஆரலைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். சைட் ரீடிங்கில் அரை நிமிடம் கொடுக்கிறார்கள் அல்லவா, பெரியவர்கள் அந்த அரை நிமிடமும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு தாளைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் தடதடவென்று வாசித்துப் பார்ப்பார்கள். வாசித்துப் பார்ப்பதற்குத்தான் அந்த நேரமே. தினமும் இரண்டு கிரேடு கீழே உள்ள புத்தகத்தில் இருந்து புதிதாக எட்டு பார் (தாளக் கட்டம்) எடுங்கள். தப்பு வந்தாலும் நிற்காதீர்கள், மறுபடி வாசிக்காதீர்கள், அடுத்த பக்கம் போங்கள்.

பாட்டும் ஆரலும் வேண்டவே வேண்டாம் என்றால் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு இருக்கிறது. 2020ல் இருந்து நடக்கிறது. நான்கு பீஸ், ஒரே தொடர்ச்சியான வீடியோ, வெட்டி ஒட்டக் கூடாது. ஸ்கேல், சைட் ரீடிங், ஆரல் எதுவும் கிடையாது. மொத்தம் அதே 150தான். ஆறாம் கிரேடுக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக ஏபிஆர்எஸ்எம் ஏற்கும் வேறொரு தேர்வோ மட்டும் கட்டாயம். ஐந்தாம் கிரேடு பியானோவில் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று விதி இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலை வயலின்:

டீச்சர், நீங்கள் சொன்ன எல்லாமே உபயோகமான விஷயம். ஆனால் அவர் கேட்டது அடுத்த தேர்வைப் பற்றி அல்லவே. வீட்டில், யாருமே கேட்காதபோதும் கை பயப்படுகிறது என்கிறார். மார்க் ஷீட்டை எப்படிக் கூட்டினாலும் கைக்கு அது புரியாது.

கட்டை டீச்சர்:

புரியும் அம்மா, கொஞ்சம் தாமதமாகப் புரியும். என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். "நான் வாசிக்கத் தெரியாதவன்" என்ற இடத்திலிருந்து "எனக்குச் சைட் ரீடிங் வரவில்லை" என்ற இடத்துக்கு வந்துவிட்டால், பாதிப் பேர் அன்றைக்கே பியானோவைத் திறந்துவிடுகிறார்கள்.

பெரம்பூர் பியானோ:

இரண்டு பேரும் சொன்னது வேண்டியதாகத்தான் இருக்கிறது. 62 என்று கூட்டிப் பார்க்கவே இல்லை நான், மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அந்த 19 வாங்கிய பீஸை வாசித்தேன். 22 வாங்கியதைத் தொடத் தைரியம் வரவில்லை, இதில் இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. சமையலறையிலிருந்து மனைவி, "ரொம்ப நாளாச்சு இதைக் கேட்டு" என்றாள். கடைசி வரைக்கும் போனேன்.

கிடார் தம்பி, உங்கள் யோசனையை மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தேர்வு பிடிக்கும். ஒரு தேதி இல்லாவிட்டால் ஒரு பீஸையும் நான் முடிக்க மாட்டேன்.

வெள்ளவத்தை வாய்ப்பாட்டு:

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நான் இலங்கை. பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிப் போய், வெளியில் இருந்து கேட்டுக் கேட்டு, பிறகு நானும் சேர்ந்து கர்நாடக சங்கீதம் படிக்கிறேன். மேல் கிரேட் செய்முறைப் பரீட்சையில் கரகரப்பிரியா ராகத்தில் ஆலாபனை (பாட்டுச் சொல் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) கேட்டார்கள். மெல்லப் பாடிக்கொண்டு போய் மேல் ஸட்ஜத்தைத் தொடப் போகிற நேரம் பரீட்சகர், "காணும்" என்றார், எங்கள் ஊரில் "போதும்" என்று அர்த்தம். அவ்வளவுதான். அடுத்த கேள்வி. பெறுபேறு வந்தபோது சித்திதான் (பாஸ்தான்), ஆனால் செய்முறைப் புள்ளி மிகவும் குறைவு. நான் அந்தக் "காணும்" என்ற சொல்லையும் அந்தப் புள்ளியையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

பிறகு எங்கள் ரீச்சர் விளங்கப்படுத்தினா. வெளியில் இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, கேட்க வேண்டியதைக் கேட்டவுடன் நிறுத்திவிடுவார்கள், நன்றாகப் பாடுபவர்களையும் நிறுத்துவார்கள், புள்ளி குறைந்தது கல்பனா ஸ்வரத்தில் (அந்த நேரத்திலேயே கற்பனையாக ஸ்வரம் கட்டிப் பாடுவதில்) என்று. நம்பினேன். ஆனாலும் வயலின் சகோதரி சொல்வதுதான் என் அனுபவமும். விளங்கிய பிறகும், எந்த ராகத்தை எடுத்தாலும் நிஷாதத்துக்கு, மேல் ஸட்ஜத்துக்கு முந்தின ஸ்வரத்துக்கு, வந்தவுடன் குரல் தானாக நின்றது. யாரோ மறிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

ரீச்சர் அதற்குச் செய்தது இதுதான். கரகரப்பிரியாவைக் கீழிருந்து தொடங்க விடவில்லை. "நிஷாதத்தில் தொடங்கும். நேரே மேல் ஸட்ஜம். அங்கே நில்லும், மூச்சு இருக்கும் வரை நில்லும், பிறகு இறங்கி வாரும்" என்றா. சுருதிப் பெட்டியோடு ஒவ்வொரு வகுப்பும் முதல் வேலை அதுதான். நின்று போன இடத்தையே தொடக்கமாக்கிவிட்டா. சில மாதத்தில் கீழிருந்து மேலே போகும்போது அந்த இடம் வந்ததே தெரியாமல் தாண்டிவிட்டேன்.

பெரம்பூர் தம்பி, நீர் மெட்டில் நின்றது மூன்றாவது ஸ்வரம் என்று எழுதியிருக்கிறீர். அந்த மூன்றாவது ஸ்வரத்திலிருந்து பாடிப் பாரும், முதல் இரண்டையும் விட்டுவிட்டு. பியானோவில் ஒரு விரலால் அதைத் தொட்டுக்கொண்டே பாடலாம். டீச்சர் சொல்வதுபோல வாசித்துக் காட்டித் தப்பலாம்தான், ஆனால் குரலை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டாம்.

நான் அடுத்த கிரேடுக்கு விண்ணப்பித்துவிட்டேன். கரகரப்பிரியா அதிலும் இருக்கிறது. கல்பனா ஸ்வரத்துக்குத்தான் இப்போது கூடுதல் நேரம் கொடுக்கிறேன். தஞ்சை அக்கா, அட தாளத்தில் இரண்டாவது லகுவைப் பிடிக்க நீங்கள் செய்த பயிற்சியைக் கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா? எங்களுக்கும் அந்த வர்ணம் இருக்கிறது.