எம்பிஓ (பல ஒளியிழைகளை ஒரே முனையில சேர்க்கிற கனெக்டர்) கேபிள் போட்டவர்கள் வாங்க, பட்ட பாட்டைச் சொல்லுங்க

காரைக்குடிக்காரன்:
எங்க ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரி சர்வர் ரூம். ரெண்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு நடுவே 40ஜி (விநாடிக்கு 40 கிகாபிட்) லிங்க். ஓஎம்4 வகை மல்டிமோட் ஒளியிழைக் கேபிள், முனைக்கு 12 இழை எம்பிஓ கனெக்டர். சொருகியாச்சு, லிங்க் வரலை. ஸ்விட்ச்சுல சொருகுற, ஒளியை அனுப்பி வாங்குற மாட்யூலை மாத்திப் பார்த்தாங்க, அப்பவும் வரலை. ஸ்விட்ச்சையே திருப்பி அனுப்பிடலாம்னு பேச்சு கிளம்பிடுச்சு.

எனக்குக் கேபிள் மேலதான் சந்தேகம். முதல் இழையில சிவப்பு லைட்டை விட்டுட்டு அடுத்த முனையைப் பார்த்தேன். கனெக்டர்ல வெள்ளைப் புள்ளி இருக்கிற பக்கம்தான் ஒண்ணாம் இழை. வெளிச்சம் அந்தப் புள்ளி ஓரத்துலயே வந்துச்சு. அப்படின்னா அது டைப் ஏ, ஒண்ணு ஒண்ணுக்கே போகுது. 40ஜி எஸ்ஆர்4 (கிட்டத் தூரத்துக்கான வகை) மாட்யூல் முதல் நாலு இழையில அனுப்பும், கடைசி நாலுல வாங்கும், நடு நாலும் சும்மா கிடக்கும். டைப் ஏ-யை நேரா மாட்டினா அனுப்புற பக்கம் அனுப்புற பக்கத்தையே பார்த்துக்கிட்டு நிக்கும். தேவை டைப் பி. அதுல ஒண்ணு பன்னிரண்டுக்குப் போகும். கேபிளை மாத்தின உடனே லிங்க் வந்துடுச்சு. ஆர்டர் போடும்போதே டைப்பை எழுதிக் கொடுங்க, தயவுசெஞ்சு.

தேவகோட்டை, இப்ப சிறுசேரி:
அண்ணே சொன்னது சரி. எனக்குத் தூசிதான் பெரிய எதிரி. ஊருக்கு வந்தப்ப ஒரு ஆபீஸ்ல ரேக் வேலை பார்த்தேன். ஜன்னல் திறந்தா செம்மண் புழுதி அப்படியே உள்ள வரும். கனெக்டர் பார்க்கிற ஸ்கோப்ல (உருப்பெருக்கி) பார்த்தா ஃபெரூல் (இழைகளைப் பிடிச்சிருக்கிற முனைத் துண்டு) முகத்துல ஒரு துகள். எல்சி-யில (ஒத்தை இழைக் கனெக்டர்) தூசி விழுந்தா ஒரு இழையோட போச்சு. எம்பிஓ-வுல ஒரு துகள் நடுவுல மாட்டினா ரெண்டு முகமும் ஒட்டாம இடைவெளி விழுந்து, பக்கத்து இழைகளும் சேர்ந்து பாதிக்கும். இழைக்குள்ள ஒளி போற பாதையோட விட்டம் 50 மைக்ரான்தான், அதை மறைக்கிற தூசி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மூடி போட்டிருக்குன்னு நம்பாதீங்க, புது மூடியிலும் அழுக்கு இருக்கும். கேபிளை மட்டும் துடைச்சாப் போதாது, போர்ட் உள்ளேயும் துடைக்கணும். எல்சி கிளீனர் இதுக்கு ஆகாது, எம்பிஓ-வுக்கே உள்ளது வேணும்.

புதுவயல்:
கனெக்டர் முகத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற பின் (ஊசி) விஷயத்தையும் சேர்த்துக்கோங்க அண்ணே. மாட்யூலுக்குள்ளேயே ரெண்டு பின் இருக்கு, அதனால கேபிள் முனை பின் இல்லாததா இருக்கணும். பின் உள்ளதை அழுத்தினா பின்னோட பின் மோதி வளைஞ்சிடும்.

காரைக்குடிக்காரன்:
ஆமா தம்பி. சிங்கிள் மோட் (ஒளி போற பாதை இன்னும் மெல்லிசா இருக்கிற இழை) போடுறவங்க இன்னொண்ணும் கவனிங்க: அந்த எம்பிஓ முகம் பெரும்பாலும் 8 டிகிரி சாய்வா இருக்கும். தட்டை முகத்தோட அதைச் சேர்க்கவே கூடாது.