பிரியும் தம்பதி வீட்டில் பிள்ளை பார்ப்பவள் "இது என் வேலை இல்லை" என்று சொல்லலாமா?

காரைக்குடிப் பெண்
என் சித்தி மகள் இங்கே ஒரு வீட்டில் நாலு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் அப்பாவும் அம்மாவும் பிரிகிறார்கள். அப்பா செக்காலைப் பக்கம் தனி வீடு பார்த்துப் போய்விட்டார். பையனைக் கொண்டுபோய் விட்டால், "அங்கே யார் யார் வந்தாங்க?" என்று அவர் துருவுகிறார். திரும்பி வந்தால் ஆச்சி, அதாவது பையனின் அம்மா, "அவர் என்ன சொன்னார்?" என்கிறார். இவள் இருவரிடமும் சொல்லிவிட்டாள்: பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேளுங்கள், சொல்கிறேன், மற்றதைக் கேட்காதீர்கள். ஞாயிறு லீவு. இரண்டு வீட்டுக்கும் சமைக்க முடியாது. அன்றிலிருந்து ஆச்சி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதில் என்ன தப்பு?

தேவகோட்டையான்
தப்புதான். வீடே உடைந்து கிடக்கும்போது லீவுக் கணக்கா? எங்கள் வீட்டில் என் தங்கையை வளர்த்த அம்மா ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. நாங்களும் பார்க்கவில்லை, அவர் மகள் கல்யாணத்தை நாங்கள்தான் நடத்தினோம். உப்பிட்ட வீட்டுக்குக் கஷ்ட காலத்தில் தோள் கொடுக்க வேண்டாமா?

பள்ளத்தூர் வாசகி
அண்ணே, நீங்கள் நல்லபடியாகச் செய்தீர்கள். செய்யாத வீட்டில் அந்த அம்மா எங்கே போய்க் கேட்பார்? கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர் இது. பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் ஒரே வீட்டுக்குள் வேறு வைத்து, அடுப்பையும் கணக்கையும் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் பாசம் குறைந்ததா? வேலைக்கு வந்தவள் எல்லை கேட்டால் மட்டும் ஏன் சுடுகிறது?

தேவகோட்டையான்
சரி, லீவை விடுங்கள். ஆனால் அந்த வீட்டில் நடப்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் நியாயம் உள்ளவருக்கு அது துரோகம் இல்லையா?

கோட்டையூர் வக்கீல்
நீதிமன்றம் சம்மன் அனுப்பினால் போய் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை இரு பக்கமும் உளவு சொல்வது அவள் வேலை இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டப்படி, 5 வயது நிறையாத பிள்ளை வழக்கமாகத் தாயிடம்தான் இருக்கும். அப்பா துருவுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பரஸ்பரச் சம்மத விவாகரத்து என்றாலும், மனுப் போட்ட பிறகு பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்றது. அத்தனை நாளும் அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடிபட வேண்டுமா? ஒன்று மட்டும் விதிவிலக்கு: பிள்ளையை யாராவது அடித்தால் மறைக்கக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும்.

காரைக்குடிப் பெண்
போன வாரம் பையன் இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டிருக்கிறான். நாலு வயசு! கேள்விகள் அவன் வரைக்கும் போய்விட்டன. தேவகோட்டை அண்ணே, இவள் அந்த வீட்டைக் கைவிடவில்லை. அவனுக்கு ஒரு ஆளாவது கேள்வி கேட்காமல் சோறூட்டட்டும் என்கிறாள்.

தேவகோட்டையான்
பிள்ளை கேட்டது மனசைப் பிசைகிறது. ஆனாலும் ஆச்சியிடம் சொன்ன முறை சரியில்லை, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். பெரியவர் ஒருவரை வைத்துப் பேசியிருக்கலாம்.

பள்ளத்தூர் வாசகி
பேசட்டும், நல்லதுதான். கையோடு வேலை நேரம், லீவு, சம்பளத் தேதி, யார் தருவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாளா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யட்டும்.