வலது கன்னத்தில் மின்னல் வலி: தலையைத் திறக்கும் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா?

குடியாத்தத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 52 வயது. குடியாத்தத்துக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக வலப்பக்க முகத்தில் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்னும் நரம்பு வலியால் அவதிப்படுகிறேன். மேலுதட்டின் ஓரத்தில் கிளம்பி, கன்னம் வழியாகக் கண்ணுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கும். சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, வேலூர் பேருந்தில் சன்னலோரக் காற்று முகத்தில் படும்போது வரும். இவற்றையெல்லாம் தவிர்த்துவிடலாம், பேசாமல் இருக்க முடியாதே! "ப", "ம" போன்ற எழுத்துகளைச் சொல்ல உதடுகள் சேரும் இடத்தில்தான் எனக்கு அதிகம் வெட்டுகிறது. செய்யுளைச் சீர் பிரித்து வாசித்துக் காட்டும்போது பாதியில் நின்று, மாணவர்கள் பார்க்காதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

முதல் ஓராண்டு இது பல்வலி என்றே நம்பினேன். வலது மேல்தாடையில் இரண்டு பற்களைப் பிடுங்கிய பிறகும் வலி அப்படியே இருந்ததால்தான் நரம்பியல் மருத்துவரிடம் சென்றேன். கார்பமாசெபைன் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே வலி அடங்கியபோது நான் அழுதுவிட்டேன். ஆனால் நாளொன்றுக்கு 400 மில்லிகிராமில் அடங்கிய வலிக்கு இப்போது 1,000 மில்லிகிராம் தேவைப்படுகிறது. தலைசுற்றுகிறது, வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் மாணவர் பெயர் நினைவுக்கு வருவதில்லை. சென்ற ஐப்பசியில் ரத்தத்தில் சோடியம் 124க்கு இறங்கி, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தேன்.

எம்.ஆர்.ஐ. பார்த்த அறுவை நிபுணர், முகத்தின் உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் படிந்திருக்கிறது என்றும், காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு அந்தக் குழாயை விலக்கி, நடுவே டெஃப்லான் பஞ்சு வைத்துவிடலாம் என்றும் சொன்னார். அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் போகலாம், முகம் மரத்துப்போகலாம், தண்டுவட நீர் கசியலாம், அரிதாகப் பக்கவாதமோ உயிரிழப்போ நேரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. என் கணவர், "உயிரை வாங்காத நோய்க்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?" என்கிறார். மாமியார், வைகாசியில் அம்மன் சிரசை (தலையை) ஊர்வலமாக எடுத்துவரும் எங்கள் ஊர்க் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வேண்டிக்கொண்டு, அதுவரை பொறுக்கச் சொல்கிறார். இருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. இந்த நிலையைக் கடந்தவர்கள் எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ராணிப்பேட்டை வாசி

டீச்சர் அம்மா, நான் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, என் 57ஆம் வயதில், இதே அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவன். தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தேன். சவரக்கத்தி பட்டாலே வெட்டும் என்பதால் அறுவைக்கு முந்தைய ஏழு மாதம் முகத்தின் இடப்பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு, வலப்பக்கத் தாடியைத் துண்டால் மறைத்து வேலைக்குப் போனேன். சோற்றைக் கரைத்துக் குடித்ததில் பதினொரு கிலோ எடை குறைந்தது. உயிரை வாங்காத நோய் என்று உங்கள் கணவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் உயிரை நானே விட்டுவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன் என்பதை என் மனைவியிடம் பிறகுதான் சொன்னேன். உங்களுக்கும் அப்படி ஓர் எண்ணம் வந்தால், அறுவைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மயக்கம் தெளிந்து ஐ.சி.யூ.வில் கண் விழித்தபோது, காதுக்குப் பின்னால் தையல் வலியும் கடுமையான தலைவலியும் இருந்தன. பயந்து பயந்து நாக்கால் மேல் ஈறைத் தொட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டேன், அப்போதும் வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை வரவில்லை. மாத்திரையை மருத்துவர் சொன்னபடி இரண்டு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன்.

ஆனால் என் வலது காது போய்விட்டது. முழுவதும் இல்லை என்றாலும், போனை அந்தக் காதில் வைத்தால் குரல் இருப்பது தெரியும், சொல் விளங்காது. யாரும் தவறு செய்ததாக நான் கருதவில்லை; கேட்கும் நரம்பு அதே இடத்தை ஒட்டித்தான் செல்கிறது. எனக்கு அந்த விலை சம்மதம். உங்களுக்குச் சம்மதமா என்று நான் சொல்ல முடியாது. வகுப்பறையில் நிற்பவருக்குக் காது வேறு கணக்கு. ஒருநாள் வலது காதைப் பஞ்சால் நன்றாக அடைத்துக்கொண்டு பாடம் நடத்திப் பாருங்கள். அது முழு உண்மையைக் காட்டாது, என்றாலும் கையொப்பமிடும் தாளில் "கேட்கும் திறன் இழப்பு" என்று வாசிப்பதைவிட அதிகம் சொல்லும்.

ஆரணி மகள்

என் அப்பாவுக்கு 76 வயது. இதய நோயும் இருந்ததால் தலையைத் திறக்க வேண்டாம் என்று மருத்துவர்களே தயங்கினார்கள். கன்னத்தின் வழியாக ஊசி செலுத்தி, வெப்பத்தால் நரம்பின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். மறுநாளே வீடு திரும்பினார். இரண்டரை ஆண்டு நிம்மதியாக இருந்தார், பிறகு வலி திரும்பியதால் மீண்டும் ஒருமுறை செய்தோம்.

இந்த முறையில் மரத்துப்போவது ஏறக்குறைய நிச்சயமான விலை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் அக்கா. அப்பாவுக்குக் கன்னத்தின் உள்ளே சோறு தங்கியிருப்பது தெரியாது. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி முன்னால் நின்று விரலால் துழாவி எடுப்பார். சூடான காப்பி உதட்டைச் சுட்டதும் அவருக்குத் தெரியவில்லை. அவர் வயதுக்கு இது சரியான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் உங்கள் வயதில், குழாய் அழுத்துவது படத்தில் தெரியும்போது, எளிது என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் இதை நாடிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், காட்பாடி

பல ஆண்டுகள் நரம்பியல் அறுவைப் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது.

முதலில், எம்.ஆர்.ஐ. அறிக்கையை மீண்டும் படியுங்கள். ரத்தக்குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, நரம்பை அழுத்தி இடம்பெயரச் செய்திருப்பது வேறு. வலியே இல்லாதவர்களுக்கும் வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது உண்டு. அழுத்தம் தெளிவாக இருந்து, வலியும் உங்களுடையதுபோல் மின்னலாக வெட்டி நிற்பதாக இருந்தால்தான் இந்த அறுவை நல்ல பலன் தரும்.

அடுத்து, நிபுணரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் காது போனது, அறுவையின்போது கேட்கும் நரம்பைக் கருவி வைத்துக் கண்காணிப்பீர்களா? 1996இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த அறுவையைச் செய்துகொண்ட 1,185 பேரில் 1,155 பேரை ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து கவனித்திருந்தார்கள். பத்தாண்டுக்குப் பிறகும் 70 சதவீதம் பேர் மருந்தின்றி வலியில்லாமல் இருந்தார்கள், 16 பேருக்கு அந்தப் பக்கத்துக் காது போனது, இருவர் இறந்தார்கள். ஆனால் அது இந்த அறுவையையே வாழ்நாள் பணியாகச் செய்த குழுவின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது உங்கள் நிபுணரின் கணக்கு.

இன்னொரு நிபுணரின் கருத்தையும் கேளுங்கள். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேகப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். வங்காளத்து நோயாளிகள் இரண்டு நாள் ரயிலில் வந்து, லாட்ஜில் அறையெடுத்துக் காத்திருந்து பார்ப்பதை நீங்கள் காலையில் பேருந்தேறி வந்து பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்.

மாத்திரையை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். இதே வகை மருந்தான ஆக்ஸ்கார்பசெபைனுக்கு மாறலாமா என்று யாராவது சொன்னால், அதுவும் சோடியத்தைக் குறைக்கும், சிலருக்கு இதைவிட அதிகமாகவே குறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே 124 வரை இறங்கியிருப்பதால், மருந்திலேயே தொடரலாம் என்பதும் ஆபத்தில்லாத வழி அன்று. உங்கள் கணவரிடம் இதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

குடியாத்தத்து ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். குழாய் நரம்பை அழுத்திக் கீழ்நோக்கி வளைத்திருப்பதாகவே எழுதியிருக்கிறது. சென்ற வியாழனன்று கணவரையும் அழைத்துச் சென்று வேறொரு நிபுணரைப் பார்த்தேன். அவரும் அதையே சொன்னார். சோடியம் பற்றி அவர் விளக்கியபோது என் கணவர் குறுக்கே எதுவும் பேசவில்லை. வெளியே வந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது, "எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

ஐயா சொன்னபடி, திங்கட்கிழமை வலது காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். வலப்பக்க வரிசையில் யார் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. என்ன பேசினார்கள் என்பது தெரிந்தது. பேசுபவர் கையை உயர்த்திவிட்டுப் பேச வேண்டும் என்று சொன்னேன்; இரண்டாவது பாடவேளைக்குள் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும், சித்திரையில் தேதி கேட்டிருக்கிறேன். வைகாசியில் சிரசு பார்க்க மாமியாருடன் நானும் போக வேண்டும் என்று இருக்கிறது.