உப்புக் கரைசல் அமிலமா, காரமா? விதி எங்கே கைவிடுகிறது?

லிட்மஸ்தாள்:
எந்த அமிலமும் காரமும் சேர்ந்து உப்பு வந்தது, அவற்றில் எது வலிமையானது என்று பார்த்தால் சோடியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு, சோடியம் அசிட்டேட் மூன்றுக்கும் விடை வந்துவிடுகிறது. அம்மோனியம் ஃபுளூரைடு, சோடியம் பைகார்பனேட், அலுமினியம் குளோரைடு என்றால் தடுமாற்றம்தான். பொதுவான வழி உண்டா? தவிர, சோடியம் குளோரைடு கரைசலுக்கு பி.எச். மீட்டர் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.8 காட்டுகிறது. 7 வரவேண்டாமா?

அயனி_அண்ணா:
உப்பை அயனிகளாகப் பிரியுங்கள். குளோரைடு, புரோமைடு, நைட்ரேட், சோடியம், பொட்டாசியம், பேரியம் எல்லாம் நீரோடு வினைபுரியாதவை; அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் விடை சொல்லும். அசிட்டேட் நீரிடமிருந்து புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) வாங்கி ஹைட்ராக்சைடை விடுகிறது: 0.1 மோலாரில் (லிட்டருக்கு 0.1 மோல்) பி.எச். 8.9. அம்மோனியம் புரோட்டானைக் கொடுக்கிறது: அதே செறிவில் 5.1.

இரண்டு பக்கமும் மிஞ்சினால் எண்ணைப் பார்த்தே ஆகவேண்டும். அம்மோனியத்தின் அமில மாறிலி (புரோட்டானைக் கொடுக்கும் வலிமையின் அளவு) 5.6 × 10⁻¹⁰, ஃபுளூரைடின் கார மாறிலி (வாங்கும் வலிமையின் அளவு) 1.5 × 10⁻¹¹. முன்னது பெரியது, எனவே அம்மோனியம் ஃபுளூரைடு அமிலம், பி.எச். 6.2 அளவில் நிற்கும். சயனைடின் கார மாறிலி 1.6 × 10⁻⁵ என்பதால் அம்மோனியம் சயனைடு 9.2. அம்மோனியம் அசிட்டேட் 7-இல் நிற்பது இரு மாறிலிகளும் ஏறத்தாழச் சமம் என்பதால் மட்டுமே. அதை வைத்து ‘இரண்டும் வலிமை குறைந்தவை என்றால் நடுநிலை’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

நீலக்குடுவை:
பைகார்பனேட்டில் ஹைட்ரஜன் இருக்கிறதே என்று அமிலம் போட்டுவிடாதீர்கள். அது புரோட்டானைக் கொடுக்கும் மாறிலி 4.7 × 10⁻¹¹, வாங்கும் மாறிலி 2.2 × 10⁻⁸. வாங்குவதே மேல், பி.எச். 8.3. சோடியம் பைசல்பேட் நேரெதிர்: கந்தக அமிலம் வலிமையானது, அதனால் பைசல்பேட் புரோட்டானைத் திரும்ப வாங்காது, கொடுக்க மட்டுமே செய்யும். 0.1 மோலாரில் 1.5 வரை இறங்கும்.

அலுமினிய அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள். அயனி சிறியது, மின்சுமை 3+. ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அந்த நீரின் ஹைட்ரஜன் எளிதில் கழல்கிறது. 0.1 மோலாரில் பி.எச். சுமார் 3. ஃபெரிக் அயனி (3+ மின்சுமையுள்ள இரும்பு) இன்னும் மோசம். ஃபெரிக் குளோரைடை வெறும் நீரில் கரைத்து வைத்தால் நாளடைவில் பழுப்பு வீழ்படிவு வரும். கரைக்கும்போதே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பது அதற்காகத்தான்.

தாங்கல்_கரைசல்:
5.8 உப்பின் வேலை அல்ல, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீரே 5.6 பக்கம் வரும். நீரைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துக் கரைத்துப் பாருங்கள். தாங்கல் திறன் (பி.எச். மாறாமல் தாக்குப்பிடிக்கும் திறன்) இல்லாத கரைசல் என்பதால் நிறங்காட்டியை நாலு சொட்டு கூடுதலாக விட்டாலே அளவு நகர்ந்துவிடும். சூடாக அளக்கவும் வேண்டாம்: 60 டிகிரி செல்சியஸில் நடுநிலையே 6.5.

அயனி_அண்ணா சொன்ன ஒப்பீட்டுக்கு ஒரு குறுக்குவழி: ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் மாறிலியையும் (6.8 × 10⁻⁴) அம்மோனியாவின் மாறிலியையும் (1.8 × 10⁻⁵) நேராக ஒப்பிடலாம், அதே விடைதான். ஒன்றைத் தாய் அமிலத்துக்கும் மற்றொன்றை அயனிக்கும் எடுத்துக் கலந்தால்தான் தப்பாகும்.