புராஸ்டேட் அறுவைக்குப் பின் தாம்பத்தியம்: நோயாளிகளிடம் பேசத் தமிழ்ச் சொற்கள் தேவை

வணக்கம். சென்னையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் செவிலியராக இருக்கிறேன். புற்றுநோய்க்காக, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர்கள், பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்கள், சிறுநீர்க் கசிவைப் பற்றித் தயங்காமல் கேட்கிறார்கள். விறைப்பு வராததைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஒருவர் வாசலில் நின்று, "இனி அவ்வளவுதானா, சிஸ்டர்?" என்று கேட்டபோதுதான், நாங்கள் எதையுமே சொல்லி அனுப்பவில்லை என்பது உறைத்தது.

கடந்த நான்கு மாதங்களில் துண்டறிக்கை அச்சிட்டோம். அது மகன் அல்லது மகளின் கைக்குப் போய், மருந்துப் பையிலேயே கிடந்துவிட்டது. குழு வகுப்பு வைத்தோம். உணவுமுறைக் கேள்விகளோடு முடிந்தது. தம்பதியரைத் தனியறையில் அமர்த்திப் பேசியது ஓரளவு பலித்தாலும், 'ஆண்மைக்குறைவு' என்றதும் லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டி நினைவுக்கு வந்து முகம் சுருங்குகிறது. பாடநூல் சொற்களோ புரிவதில்லை.

நரம்புகளைக் காத்துச் செய்த அறுவையிலும் விறைப்பு திரும்ப 18 முதல் 24 மாதங்கள் வரை ஆகலாம் என்பதையும், விந்து வெளிவராவிட்டாலும் பெரும்பாலோருக்கு உச்ச உணர்வு இருக்கும் என்பதையும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் விறைப்புக்குத் தரப்படும் சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவற்றை அறுவைக்கு முன்பே, மனைவியும் உடனிருக்க, கூச்சமின்றி எடுத்துச் சொல்ல நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் சொற்கள் எவை?