ஸ்லைசரில் இடது மூளை வலப்பக்கம் வருகிறதாம்!

தேக்கா_குமரன்: நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "3டி ஸ்லைசர் மூளைப் படத்தை இடவலம் மாற்றிக் காட்டுகிறது. ஓசி மென்பொருள் வேறெப்படி இருக்கும்?" படித்ததிலிருந்து கோப்பி தொண்டையில் இறங்கவில்லை. ஸ்கேன் படங்களைத் திறந்து பார்க்கிற இலவச மென்பொருள் அது. 1998ல் பாஸ்டனில் ஒரு முதுகலை ஆய்வேடாகத் தொடங்கியது, இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் ஓடுகிறது. அதற்கா இடது வலது தெரியாது?

ஈசூன்_பாலா: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒரே எம்ஆர்ஐ கோப்பு. எஸ்பிஎம் என்ற இன்னொரு மூளைப்பட மென்பொருளில் கட்டி திரையின் இடப்பக்கம், ஸ்லைசரில் வலப்பக்கம். ஒன்று பொய்தானே?

தேக்கா_குமரன்: இரண்டும் சரி. படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்ப்பது ஸ்லைசர், கதிரியக்க மருத்துவர்கள் பார்க்கிற மாதிரி. அவருடைய இடது உங்களுக்கு வலப்பக்கம்தான் வரும். எஸ்பிஎம் தலைமாட்டிலிருந்து பார்க்கிறது. சந்தேகமென்றால் ஸ்லைசரில் மூலையில் ஒரு மனித உருவம் போட்டுக்கொள்ளலாம், அதைப் பாருங்கள்.

ஈசூன்_பாலா: பொம்மையைப் பார்த்துத்தான் இடது வலது தெரியவேண்டுமா? கட்டி வலப்பக்கம் வருகிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொங்கோல்_அக்கா: தம்பிகளா, எங்கள் கூடத்தில் ஸ்கேனருக்குள் விடுமுன் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீனெண்ணெய் மாத்திரையை டேப் போட்டு ஒட்டுவோம். படத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். புள்ளி இருக்கும் பக்கம் வலது. எந்த மென்பொருளில் திறந்தால் என்ன?

தேக்கா_குமரன்: அக்கா, அது அனலைஸ் என்ற பழைய கோப்பு வடிவக் காலத்துப் பழக்கம், அதில் திசை சரியாகப் பதிவாகாது. இப்போதைய நிஃப்டி வடிவத்தில் திசை கோப்பின் தலைப்பிலேயே, அதாவது படத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் முன்பகுதியிலேயே இருக்கிறது. மாத்திரை வீண்.

பொங்கோல்_அக்கா: தலைப்பு இருந்தால் சரி. ஒரு மகராசன் ஸ்கிரிப்ட் எழுதி அத்தனை தலைப்பையும் துடைத்துவிட்டு, எங்களுக்கு மூன்று நாள் வேலை வைத்தான். அவன் இப்போது இங்கேதான் பாடம் நடத்துகிறான்.

தேக்கா_குமரன்: அந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள்? காப்புப் பிரதி எடுத்து வைக்காதது யார்?

ஜூரோங்_மணி: பேசாமல் ஓசிரிக்ஸ் என்ற ஸ்கேன் பட மென்பொருளை வாங்குங்கள். ஸ்லைசரை மருத்துவப் பயன்பாட்டுக்கு அங்கீகரிக்கவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

தேக்கா_குமரன்: வந்துவிட்டார் மேக் முகவர்! ஓசிரிக்ஸ் மேக்கில் மட்டும்தான் ஓடும், மடிக்கணினிக்கும் சேர்த்து நீங்களே காசு கொடுப்பீர்களா? நான் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறேன், இவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அப்புறம், அதே ஓசிரிக்ஸும் கால்மாட்டிலிருந்துதான் காட்டும். பாலா, அதுவும் பொய்யா?

ஜூரோங்_மணி: என்னை முகவர் என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்.

தேக்கா_குமரன்: முடியாது.

ஈசூன்_பாலா: உங்கள் சண்டை இருக்கட்டும். கட்டி எந்தப் பக்கம்?

தேக்கா_குமரன்: இடது! நூறு முறை சொல்லிவிட்டேன்.

ஈசூன்_பாலா: திரையில்?

தேக்கா_குமரன்: வலது. ஏனென்றால்

ஈசூன்_பாலா: அதைத்தான் நேற்றே எழுதினேன்.